திருகாமல் திரும்பும் குமிழ்

பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். உள்ளே லாடம் போல வளைந்த கரித்தடம் ஒன்றின் மேல் உலோக நாக்கு ஒன்று உரசியபடி நகர்கிறது. தூசி படிந்தோ தடம் தேய்ந்தோ போனால் நாக்கு தொட்டும் தொடாமலும் ஓடும். அதைத்தான் ஸ்பீக்கரில் கேட்கிறோம். மூன்று கால் கொண்ட இந்தப் பொருள்தான் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக 'பாட்'.

இந்த உரசலே இல்லாமல் செய்ததுதான் டிஜிட்டல் பாட். பொழுதுபோக்காக சர்க்யூட் கட்டுபவர்களுக்குப் பழக்கமான எக்ஸ்9சி103 என்ற எட்டுக் கால் ஐசியைப் பார்ப்போம். உள்ளே 99 மின்தடைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. இரு முனைகளையும் சேர்த்து 100 இடங்களில் தலா ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச். அவற்றில் எது மூடியிருக்கிறதோ அங்கேதான் 'நாக்கு' நிற்கிறது. மேலா கீழா என்று ஒரு கால் சொல்லும். இன்னொரு காலில் துடிப்பு வரும்போதெல்லாம் நாக்கு ஒரு படி நகரும். உச்சிக்குப் போன பிறகும் துடிப்பு வந்தால் பூஜ்யத்துக்குத் தாவாது, அங்கேயே நிற்கும். நின்ற இடத்தை நினைவில் எழுதிவைக்கவும் தெரியும். கரண்ட் போய் வந்தாலும் அதே படியில் விழித்துக்கொள்ளும்.

புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். மொத்தத் தடை 10 கிலோஓம் என்று போட்டிருந்தாலும் 20 சதவீதம் கூடலாம், குறையலாம். கையில் கிடைத்தது 8 கிலோஓமாகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். பாட்டுக்குரிய மூன்று கால்களில் இரண்டை மட்டும் இணைத்து டைமருக்குத் தடையாக வைத்தால் கணக்கு உதைக்கும். ஆனால் 99 தடைகளும் ஒரே சிலிக்கான் துண்டில் ஒன்றாகப் பிறந்தவை. கூடினால் எல்லாமே கூடும், குறைந்தால் எல்லாமே குறையும். அதனால் விகிதம் பெரிதாகப் பிசகாது. மூன்று கால்களையும் இணைத்து மின்னழுத்தத்தைப் பங்கிடச் சொன்னால், 33-ஆம் படியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தரும். இந்த ஐசியின் அழகே இதுதான் என்பேன். சுவிட்சுக்கும் சுமார் 40 ஓம் தடை உண்டு. ஆனால் நாக்கை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கியின் உள்ளீட்டில் கொடுத்தால் அங்கே மின்னோட்டம் ஏறத்தாழ இல்லை, இழப்பும் இல்லை. மோட்டாரையோ பல்பையோ நேரடியாக இதில் மாட்டிவிடாதீர்கள். சில மில்லியாம்பியர்தான் தாங்கும்.

ஒலிக்கு வந்தால் வேறொரு சிக்கல். நம் காது கேட்பது விகிதத்தை. முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறினால் ஒலி 6 டெசிபல் எகிறும். 98-லிருந்து 99-க்குப் போகும்போது 0.1 டெசிபல்கூட இல்லை. அதற்காகவே படிகளை டெசிபல் கணக்கில் அமைத்த ஐசிகள் உள்ளன. அவற்றில் ஒன்றான பிஜிஏ2311-இல் ஒவ்வொரு படியும் 0.5 டெசிபல். அலையின் நடுவில் படி மாறினால் டிக்கென்று கேட்கும் என்பதால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் நொடிக்காகக் காத்திருந்து அது படியை மாற்றுகிறது.