சரக்கு வழியில் சேதமானால் யார் பொறுப்பு?



லாரி வாடகையில் குவிண்டாலுக்குப் பத்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறோம். ஆனால் புக்கிங் ஆபீசில் தரும் லாரி ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பதோடு சரி. மூட்டை நனைந்து வந்த பிறகுதான் அதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடுகிறோம்.

1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2007-ல் நிறைவேறிய சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ, லாரி கம்பெனியின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான். நாம் எழுதிக்கொடுத்த சரக்கு மதிப்புக்கு மேலும் கிடைக்காது.

ஒரு கணக்குப் பாருங்கள். கலபுரகியிலிருந்து விருதுநகருக்கு 50 கிலோ துவரம்பருப்பு மூட்டை 40 வருகிறது. மொத்தம் 2 டன். கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 2 லட்சம். வாடகை 6,000 ரூபாய் என்றால், சரக்கு முழுவதும் போனாலும் லாரி கம்பெனியின் பொறுப்பு 60,000 ரூபாயோடு முடிந்தது. மீதி 1,40,000 நம் தலையில்.

இதற்கு வழி என்ன?

1. லாரி கம்பெனி நிர்ணயித்துள்ள கூடுதல் ரிஸ்க் கட்டணத்தைக் கட்டி புக்கிங் செய்யலாம். அப்போது பத்து மடங்கு என்ற வரம்பு பொருந்தாது. கட்டியது ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2. டிரான்ஸிட் இன்சூரன்ஸ் எடுக்கலாம். அடிக்கடி சரக்கு வரவழைப்பவர்கள் ஒவ்வொரு லோடுக்கும் தனியாக எடுக்காமல், ஓபன் பாலிசியாக எடுத்துக்கொள்வது சௌகரியம்.

3. பார்ட் லோடு சரக்கு நடுவில் குடோனில் இறங்கி வேறு லாரியில் ஏறும். கொக்கி படுவதும் மூட்டை மாறுவதும் பெரும்பாலும் அங்கேதான். பக்கத்துக் கடைக்காரர் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஃபுல் லோடாக எடுத்தால் சரக்குக் கை மாறாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சரக்கை புக்கிங் செய்பவர் விற்பவர். சரக்கு நம் கணக்கில் வரும்போது நஷ்டப்படுபவர் வாங்குபவர். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே, இன்சூரன்ஸ் யார் பொறுப்பு, மதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சரக்கு மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். பில், இ-வே பில், லாரி ரசீது மூன்றிலும் ஒரே மதிப்பு இருக்கட்டும்.

டெலிவரி எடுக்கும்போது

கையெழுத்துப் போடுமுன் மூட்டைகளை எண்ணுங்கள். நனைந்தது, கிழிந்தது, தையல் பிரிந்தது இருந்தால் எடை போட்டு, குறைவை டெலிவரி ரசீதிலேயே எழுதி லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் தெரிவியுங்கள். லாரி கம்பெனிக்கு, கிடைத்ததற்கு அத்தாட்சி இருக்கும்படி எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் நோட்டீஸ் சேராவிட்டால் வழக்குப் போட முடியாது. "பார்த்துச் செய்கிறோம் அண்ணாச்சி" என்ற வாய்ப்பேச்சை நம்பி ஆறு மாதத்தை ஓட்டிவிட்டால் உரிமை போய்விடும்.

குடோன் விஷயம்

லாரி செட் குடோனில் சரக்கைப் போட்டு வைப்பது லாபமல்ல. இலவச நாட்கள் முடிந்தால் டெமரேஜ் ஏறும். மேலும், நம் தீ விபத்துப் பாலிசி அதில் எழுதிய விலாசத்திலுள்ள சரக்குக்குத்தான் பொருந்தும். இரண்டாவது குடோன் வாடகைக்கு எடுத்தால் அந்த விலாசத்தையும் சேர்க்க மறக்காதீர்கள்.

சீசனில் அதிகம் வாங்கி வைப்பவர்கள் மத்திய, மாநில சேமிப்புக் கிடங்குக் கழகங்களின் கிடங்குகளையும் விசாரிக்கலாம். கிடங்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்கு தரும் மாற்றத்தக்க ரசீதை வங்கியில் ஈடு வைத்துக் கடன் கேட்கவும் வழியுண்டு.

வாடகையில் மிச்சம் பிடிப்பது நல்லதுதான். ஆனால் அது நூறுகளில். ரசீதைப் படிக்காததால் போவது லட்சங்களில். அடுத்த லோடு வரும்போது, மூட்டையை எண்ணுவது போல ரசீதின் வரிகளையும் எண்ணிப் படியுங்கள்.