ஊசி வலி குறையுமா? – நுண்ணூசிப் பட்டைகள்

தடுப்பூசி நாள் என்றாலே பிள்ளைகள் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வார்கள். பெரியவர்களிலும் ஊசிக்குப் பயந்து இன்சுலினைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அந்தப் பயத்தால் நோய்தான் முற்றுகிறது. இதற்குத் தீர்வாக உருவாகி வருவதுதான் நுண்ணூசிப் பட்டை.

நம் தோலின் மேல்படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். அதைத் தாண்டிவிட்டால் போதும். தசை வரை குத்தத் தேவையில்லை. எனவே பிளாஸ்திரி போன்ற சிறு பட்டையில், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஊசிகளை வரிசையாகப் பதிக்கிறார்கள். அவை மிகக் குறைந்த நரம்புகளையே தொடுவதால் வலியும் குறைகிறது.

1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் பிரௌஸ்னிட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் சிலிக்கானில் இத்தகைய ஊசிகளைச் செய்து காட்டினர்.

வடிவமைப்பது எளிதல்ல. நீளம் கூடினால் வலி கூடும். குறைந்தால் தோல் ரப்பர்போல் வளைந்துகொடுக்க, ஊசி இறங்காது. மிகவும் மெலிந்தால் ஒடிந்துவிடும். இப்போது சர்க்கரை போன்ற கரையும் பொருளில் மருந்தைக் கலந்தே ஊசியாக வார்க்கிறார்கள். சில நிமிடங்களில் அது தோலுக்குள் கரைந்துவிடும். கூரிய கழிவு மிஞ்சாது. ஆனால் இவ்வளவு சிறிய ஊசியில் கொஞ்சம் மருந்துதான் அடங்கும். அதனால் சிறிதளவே தேவைப்படும் தடுப்பு மருந்துகளுக்கு இது அதிகம் பொருந்துகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பு மருந்தை இப்படிப் பட்டையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 45 பெரியவர்களும் 240 குழந்தைகளும் அதில் பங்கேற்றனர். 2024இல் வெளியான முடிவில், பட்டை ஒட்டிய கைக்குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேலானோருக்குத் தட்டம்மை எதிர்ப்பு உருவாகியிருந்தது. கவலைப்படும்படியான பாதிப்பு எதுவும் தென்படவில்லை.

எனினும் இந்தப் பட்டை இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அது வரட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். 9 மாதம் முடிந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை உரிய நேரத்தில் போட்டுவிடுங்கள். இன்சுலின் போடுவோர் 4 மி.மீ. நீளமுள்ள பேனா ஊசி தமக்குப் பொருந்துமா என மருத்துவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, வேறு இடம் என்று மாற்றிப் போட்டாலே வலி குறையும். வலிக்குப் பயந்து ஒரு வேளை மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.