முகவருக்குப் பக்கத்து மேசை இல்லை

கணினித் துறைக்கு வரவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விற்பனை, இருப்புக் கணக்குகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் களஞ்சியமே தரவுக் கிடங்கு. அதில் தேடித் தரும் கருவியொன்றைச் செயற்கை நுண்ணறிவு முகவருக்காக உருவாக்கினேன். நிரல் இரண்டே நாளில் முடிந்தது. விளக்கக் குறிப்புக்கோ மூன்று வாரம் பிடித்தது.

முகவர் நம் நிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகள் ஆகியவற்றைப் படித்தே அதை அழைக்கிறது. 2024 நவம்பரில் வெளிவந்த எம்.சி.பி. நெறிமுறையிலும் இதே ஏற்பாடுதான். நான் முதலில் எழுதியதோ ஒரே வரி: "விற்பனை விவரம் தரும்."

நேற்றைய விற்பனை எவ்வளவு என்று மேலாளர் கேட்டார். முகவர் தயங்காமல் தவறான தொகையைச் சொன்னது. கிடங்கில் நேரம் யு.டி.சி. கணக்கில் பதிவாகியிருந்தது, மலேசிய நேரம் அதைவிட 8 மணி முந்தியது. ஆகவே காலை 8 மணிக்கு முன் விற்றதெல்லாம் முந்தைய நாளில் விழுந்தது. (நாசி லெமாக் கடைக்கு அதுதானே பாதி வியாபாரம்!) புதிதாகச் சேர்ந்த ஊழியர் என்றால் பக்கத்து மேசையில் கேட்டிருப்பார்.

இப்போது நேரக் கணக்கு எது, தொகை ரிங்கிட்டிலா சென்னிலா, ரத்தான விற்பனை சேருமா, எந்தக் கேள்விக்கு இக்கருவியை அழைக்கக்கூடாது என்பதெல்லாம் குறிப்பில் உள்ளன. பதிவு இல்லாத நாளுக்குச் சுழியம் தராமல், "பதிவு இல்லை" என்றே கருவி சொல்லும். முன்பு அனுப்பிய அறிக்கைகளைத்தான் இன்னும் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.