பெற்றோரே ஆசிரியர்: அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் நமது சங்கங்களும்

கலவை வட்டாரத்துச் சங்கமொன்றில் தவணை கடந்த கடன்களைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். பட்டியலில் ஒரு பெயர் நம்மைச் சற்றே நிறுத்தியது. பல்லாண்டுகள் தவணை தவறாத அங்கத்தினர் அவர். சிறிது வேர்க்கடலை நிலமும் வீட்டில் ஒரு தறியும் உடையவர். ஈராண்டாக மட்டும் பாக்கி நின்றது. காரியதரிசியை உடனழைத்துக்கொண்டு அவரது இல்லம் சென்றோம்.

திண்ணையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். பெயர் கேட்டோம், சிரித்தாள், விடை கூறவில்லை. "பேச்சு வரவில்லை, ஐயா. மூன்று வயதுக் குழந்தைபோலவே இருக்கிறாள்" என்றார் தாயார். கடன் தொகை எங்கே போயிற்று என்பது பிறகு விளங்கிற்று. மருந்தால் தீரும் என்று ஒருவர் சொல்ல ஊர் ஊராக அலைந்திருக்கின்றனர், மந்திரிப்புக்கும் செலவிட்டிருக்கின்றனர். ஒரு பள்ளியிலோ, "இவளுக்குப் பாடம் ஏறாது" என்று திருப்பியனுப்பிவிட்டனராம்.

"வேலூருக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் தாயும் கூடவே தங்க வேண்டுமாம். இவள் தார் சுற்றாவிட்டால் என் தறி நின்றுவிடும், ஐயா" என்றார் அந்த அங்கத்தினர். இந்த ஒரு சொல்லிலேயே முழுச் சிக்கலும் அடங்கியிருக்கக் கண்டோம்.

தாய் ஏன் தங்க வேண்டும்? அறிவு வளர்ச்சி குன்றுதல் காய்ச்சலைப்போல மருந்தால் தீரும் நோயன்று. அதற்கு வேண்டுவது பயிற்சி. நிபுணர் எத்துணைத் தேர்ந்தவராயினும், குழந்தையோடு இருப்பது வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டாரே உடனிருப்பவர். ஆகவே முதலிற் பயிற்ற வேண்டியது பெற்றோரை.

இந்த உண்மையை நம் நாட்டு மருத்துவர்கள் முன்னரே கண்டனர். 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மனநோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்னும் அம்மையார் காலத்தில், 1957 முதற்கொண்டு, நோயாளியுடன் உறவினர் தங்கும் முறை வழக்கமாயிற்று. அம்மருத்துவமனையின் பாகாயம் வளாகத்தில் உள்ள நம்பிக்கை நிலையம் என்னும் குழந்தைகள் பிரிவிலும் அதே வழியில் பெற்றோர் குழந்தையுடனிருந்து பயிற்சி பெறுகின்றனர். மனநல மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், கைத்தொழிற் பயிற்சியாளர் எனப் பலரும் கூடி இப்பணியைச் செய்கின்றனர்.

பயிற்சியின் சூட்சுமத்தை நெசவாளர்க்கு விளக்குதல் எளிது. தார் சுற்றுதலை நாம் ஒரே வேலையாகக் கருதுகிறோம். உண்மையில் குச்சியை எடுத்தல், இராட்டையில் பொருத்தல், நூல் முனையைப் பிடித்தல், சக்கரத்தைச் சுழற்றல், நிறைந்ததும் நிறுத்தல் எனப் பல வேலைகள் அதில் உள. ஒருசேரக் கற்பித்தால் இக்குழந்தை மருளும். ஒரு படி கைவந்த பின்பே அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் உடனே ஒரு பாராட்டு. சட்டை அணிதலும் சோறு உண்ணுதலும் இம்முறையிலேயே கற்பிக்கப்படுகின்றன.

இதனாற் பயனுண்டா என்று கேட்கலாம். வேலூர் மருத்துவர்கள் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெற்றோர் 57 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பத்து வாரம் கூடிக் கலந்துரையாடும் முறையிற் பயிற்சியளித்தனர். குறைபாட்டைப் பற்றிய அறிவிலும், குழந்தையை வளர்க்கும் நோக்கிலும், பழக்கும் முறையிலும் அப்பிரிவினர் மேம்பட்டு விளங்கினர்.

ஆனால் பத்து வாரப் பயிற்சியென்றால் பத்து வாரக் கூலியும் போயிற்று என்பதே நம்மவர் கணக்கு. தறி நெய்யும் வீட்டிற்கும், இராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளுக்குத் தாய் செல்லும் வீட்டிற்கும் அக்கணக்கு ஒன்றே. நிபுணர் இருந்தும், வழி தெரிந்தும், கூலியை இழக்க மாட்டாமையால் குழந்தை திண்ணையிலேயே இருந்துவிடுகிறது. கூட்டுறவுக்கு இதைவிடத் தக்க வேலை வேறு யாது?

அச்சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நிர்வாகக் குழு கூடிற்று. தவணையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை விதிப்படி மேலிடத்துக்கு அனுப்பிற்று. துணை விதி இடங்கொடுத்த அளவில் பொது நல நிதியிலிருந்து வழிச்செலவு தந்தது. பக்கத்து வீட்டு நெசவாளர் மூவர், முறைவைத்துத் தார் சுற்றித் தர ஒப்பினர். தறி நிற்கவில்லை. தாயும் மகளும் ஆற்காடு வழியே வேலூருக்குப் பஸ் ஏறினர்.

சில மாதங்கள் கழித்து மறுபடி சென்றோம். சிறுமி இன்னமும் அதிகம் பேசவில்லை. கடன் பாக்கியும் முழுதாகத் தீரவில்லை. ஆயினும் தானே முகம் கழுவி, தானே உண்கிறாள். நம் கண்ணெதிரே இராட்டையில் குச்சியைப் பொருத்திவிட்டுத் தாயை நோக்கினாள். "அடுத்தது சக்கரம், கண்ணு" என்றார் தாயார். அக்குரலில் முன்பிருந்த சலிப்பில்லை.

அங்கத்தினர் அறிய வேண்டிய உரிமைகளும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு; ஏறாது என்று எப்பள்ளியும் தள்ளுதல் தகாது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை அணுகலாம். அறிவு வளர்ச்சி குன்றியோர்க்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவி 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. "எங்களுக்குப் பின் யார்?" என்னும் கவலைக்கும் வழியுண்டு: 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், கலெக்டரை உள்ளிட்ட மாவட்டக் குழு, 18 வயது கடந்தவர்க்கும் காப்பாளரை நியமிக்கிறது. இவற்றுக்கு வேண்டிய சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பெற்றுத்தரக் காரியதரிசி அரைநாள் ஒதுக்கினால் போதும்.

அன்பர்களே! அடுத்த பொதுச்சபையில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் அங்கத்தினர் வீடுகளில் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர்? பாக்கிப் பட்டியல் ஒவ்வொரு சங்கத்திலும் உண்டு. இந்தப் பட்டியலும் இனி இருக்கட்டும்.