கவியரங்கில் எங்களுக்கும் ஒரு நாற்காலி

லண்டனில் ஏதாவது ஒரு பப்பின் மாடியிலோ, நிலவறையிலோ, புத்தகக் கடையின் பின்பக்கத்திலோ மாலை நேரத்தில் யாராவது கவிதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட மேடைகளில் சில, பால்புதுமையினர் தாங்களே நடத்துபவை. தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இந்தப் பெயர்கள் எதிலும் அடங்காதவர்கள் என எல்லோரும் வருகிறார்கள். பகலில் கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் நான், மாலையில் அந்த மேடைகளில் ஏறுகிறவன். டூட்டிங்கில் குடியிருக்கிறேன். தன்பாலீர்ப்பாளன். அம்மாவுக்கும் தங்கைக்கும் தெரியும். மற்ற சொந்தக்காரர்கள் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

இதை ஏன் தமிழில் எழுத வேண்டும்? அந்த மேடை நமக்கு அந்நியமானது அல்ல என்பதுதான் முதல் காரணம். கவிதையைக் கூட்டத்துக்கு முன்னால் நின்று சொல்வதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கவியரங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல வரி விழுந்தால் "மறுபடி, மறுபடி" என்று கீழேயிருந்து குரல் வரும். கவிஞரும் ஒரு சின்னப் பெருமிதத்தோடு அதே வரியைத் திரும்ப வாசிப்பார். லண்டன் மேடையில் அது இல்லை. பிடித்த வரிக்கு விரலைச் சொடுக்குவார்கள், அவ்வளவுதான்.

மேடையும் வயிறும்

ஓபன் மைக் நிகழ்ச்சி நடக்கும் விதம் எளிமையானது. வாசலில் ஒரு தாள் இருக்கும், அதில் பெயர் எழுத வேண்டும். ஆளுக்குச் சில நிமிடங்கள். நடுவே சிறப்புக் கவிஞர் ஒருவர் பதினைந்து, இருபது நிமிடம் வாசிப்பார். அவருக்கு மட்டும் ஏதோ ஒரு தொகை கிடைக்கும். சில இடங்களில் ரயில் செலவுக்கும் ஒரு பியருக்கும் சரியாக இருக்கும். பெயர் எழுதி ஏறுகிறவர்களுக்கு எதுவும் கிடையாது.

நான் பழகிய கவிஞர்களில் கவிதையை மட்டும் நம்பி வாழ்பவர் எவருமில்லை. ஒருவர் மருத்துவமனையில் வேலை செய்கிறார், இன்னொருவர் காபிக் கடையில். பள்ளிகளில் கவிதைப் பட்டறை நடத்தினால் கொஞ்சம் பணம் வரும். பையில் எப்போதும் பத்துப் பிரதி சிறு நூல் இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் கதவருகே நின்று விற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு எதற்கு வருகிறார்கள்? அங்கே யாரும் தன் காதலின் பாலை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தான். ஆங்கிலத்தில் இந்த விஷயத்தை மறைப்பது சுலபம். 'பார்ட்னர்' என்றொரு சொல் போதும், வினைச்சொல்லும் எதையும் வெளியே விடாது. தமிழ் அப்படி இல்லை. வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். 'நேற்று மழையில் வந்தான்' என்று ஒரு காதல் கவிதையைத் தொடங்கினால் கடைசியில் நிற்கும் அந்த 'ன்' போதும், கேட்கும் எவருக்கும் புரிந்துவிடும்.

இதிலிருந்து தப்பிக்க மரியாதை விகுதி ஒன்று இருக்கிறது. 'வந்தார்' என்று எழுதலாம். ஆணா பெண்ணா தெரியாது. ஆனால் காதலன் 'வந்தார்' என்றால் பெண் பார்க்க வந்த பெரிய மாமா மாதிரி இருக்கும். 'நீ வந்தாய்' என்று முன்னிலையில் எழுதியும் தப்பிக்கலாம். இப்படி 'நீ'க்குள் ஒளிந்துகொண்டு எத்தனை பேர் தமிழில் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது.

லண்டன் இதைச் சும்மா பெறவில்லை

"அது வெள்ளைக்காரன் ஊர், அங்கே எல்லாம் நடக்கும்" என்பது நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடும் பதில். அந்த ஊரின் கதை அப்படி இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967 வரை ஆண்களுக்கிடையிலான உறவு குற்றம். அதன் பிறகும்கூட 21 வயது நிரம்பிய இருவர், தனிமையில் என்ற நிபந்தனைகளோடுதான் அனுமதி. 1979ல் புளூம்ஸ்பரி பகுதியின் மார்ச்மான்ட் தெருவில் 'கே'ஸ் த வேர்ட்' என்ற புத்தகக் கடை திறக்கப்பட்டது. 1984ல் சுங்கத் துறையினர் அதற்குள் புகுந்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நூல்களை ஆபாசம் என்று சொல்லி அள்ளிச் சென்றார்கள். கடையை நடத்தியவர்கள் மீது வழக்கும் போட்டார்கள். எழுத்தாளர்களும் வாசகர்களும் திரண்டு நின்றார்கள், நிதி திரட்டினார்கள். 1986ல் வழக்கு கைவிடப்பட்டது. அந்தக் கடை இன்றும் அங்கேயே இருக்கிறது.

அதோடு முடியவில்லை. 1988ல் 'பிரிவு 28' வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றது அந்தச் சட்டம். பள்ளி ஆசிரியர்கள் வாயைத் திறக்கவே அஞ்சினார்கள். இங்கிலாந்தில் அது நீங்கியது 2003ல்தான். இன்று மேடையில் நாற்பதைத் தாண்டி நிற்கும் கவிஞர்கள் அந்த மௌனத்தில் படித்து வந்தவர்கள். பிரிவு 28 வந்த அதே 1988ல்தான் தெற்காசியத் தன்பாலீர்ப்பாளர்களுக்காக 'சக்தி' என்ற அமைப்பு லண்டனில் உருவானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்ம ஊர் முகங்கள் இந்தக் கதைக்கு நேற்று வந்தவை அல்ல.

2007ல் எழுத்தாளர் பால் பர்ஸ்டன் 'பொலாரி' என்ற இலக்கிய மாலையைத் தொடங்கினார். தண்டனைக்குப் பயந்த காலத்தில், வெளியார் புரிந்துகொள்ளாதபடி தன்பாலீர்ப்பாளர்கள் பேசிக்கொண்ட குழூஉக்குறிமொழியின் பெயர் அது. ஒளிந்து பேசிய மொழியின் பெயரில் தொடங்கிய நிகழ்ச்சி, பின்பு தேம்ஸ் கரையிலுள்ள சவுத்பேங்க் சென்டர் வரை போனது. தலைமுறைகளாகத் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன் என்ற பப்பை, 2015ல் அரசு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த வரலாற்றுக்காக அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் கட்டடம் அதுதான்.

இப்படி உருவான சூழலிலிருந்து வந்த கவிஞர்கள் தங்களைப் பற்றி மட்டும் பாடவில்லை. 1981 ஜனவரியில் நியூ கிராஸ் என்ற இடத்தில், ஒரு பிறந்தநாள் விருந்தில் பற்றிய தீயில் கறுப்பின இளைஞர்கள் 13 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து மேடையில் கவிதையாக்கினார் ஜே பெர்னார்ட். 'சர்ஜ்' என்ற அந்தப் படைப்புக்கு 2017க்கான டெட் ஹியூஸ் விருது கிடைத்தது. டீன் அட்டா எழுதிய 'த பிளாக் ஃபிளமிங்கோ' (2019) என்ற கவிதை நாவல், ஒரு கலப்பினச் சிறுவன் தன்னைக் கண்டுகொள்ளும் கதை. பிரிவு 28 வாயடைத்த பள்ளிகளின் நூலகங்களுக்குள் இப்போது அத்தகைய புத்தகங்கள் போகின்றன.

சட்டம் தண்டனையை நீக்கியது. மேடையைப் போட்டது சட்டம் அல்ல. ஒரு கடை, ஒரு பப், மாதம் ஒரு மாலை என்று நாற்பது வருடம் மனிதர்கள் சேர்த்துக் கட்டியது அது.

தமிழில் என்ன இருக்கிறது, எது இல்லை

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது. பிரிட்டிஷார் 1860ல் எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவை, அவர்கள் தங்கள் ஊரில் சட்டத்தைத் திருத்தி ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தியா சுமந்தது. 2018 செப்டம்பர் 6ல், வயது வந்தோரின் விருப்ப உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, அந்த ஜூலையிலேயே, 'குயர் சென்னை க்ரானிக்கல்ஸ்' அமைப்பினர் சென்னையில் பால்புதுமையினர் இலக்கிய விழாவை நடத்திவிட்டார்கள். நீதிமன்றம் சொல்லும்வரை இலக்கியம் காத்திருக்கவில்லை.

அதற்கும் முன்பே திருநங்கைகள் வழி போட்டிருந்தார்கள். ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' எல்லாம் 2007க்குள் வந்துவிட்டவை. நர்த்தகி நடராஜ் பரதநாட்டிய மேடையில் நின்று 2019ல் பத்மஸ்ரீ வரை சென்றார். சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால், இந்த மனிதர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியலை 2022ல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. இலங்கையில் நிலைமை வேறு. அங்கே 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன.

ஆக, நூல் இருக்கிறது, விழா இருக்கிறது, அரசு முத்திரையோடு சொற்களும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான். ஊர்ச் சங்கத்தின் பொங்கல் கவியரங்கில் ஒரு நாற்காலி.

லண்டனில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் கவியரங்குக்கு என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பு 'மழை'. எழுதி அனுப்பினேன். பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையானவர்.

"தம்பி, வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா இது குடும்பங்கள் வாற நிகழ்ச்சி. அந்த 'வந்தான்' எண்டதை மட்டும் 'வந்தாள்' எண்டு மாத்தினா வாசிக்கலாம்."

ஒரே ஓர் எழுத்துதான். மாற்ற முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "சனம் கதைக்கும் தம்பி" என்றார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. நான் வாசிக்கவில்லை.

டூட்டிங்கில் அப்பர் டூட்டிங் ரோட்டில் நடந்தால் தமிழ் கேட்டுக்கொண்டே போகலாம். முத்துமாரி அம்மன் கோயில், தோசைக் கடைகள், முருங்கைக்காய் விற்கும் பலசரக்குக் கடைகள். அந்தத் தெருவிலிருந்து நார்தர்ன் லைன் ஏறி, ஸ்டாக்வெல்லில் மாறி, வாக்ஸ்ஹாலில் இறங்கி, தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத கூட்டத்துக்கு முன்னால்தான் என் தமிழ்க் கவிதையை வாசிக்கிறேன். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். தமிழுக்கும் கைதட்டுவார்கள். "கேட்க இசை மாதிரி இருக்கு" என்பார்கள். நன்றி சொல்வேன். ஆனால் அந்த 'ன்' அங்கே யாருக்கும் கேட்பதில்லை. அது யாருக்குக் கேட்குமோ அவர்கள் டூட்டிங்கில் இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு மேடை கிடைத்துவிட்டது, அந்த அளவில் எனக்குக் குறையில்லை. கவலை அந்தப் பொங்கல் விழா மண்டபத்தில் பட்டுப்பாவாடையும் வேட்டியும் கட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போய் குறள் ஒப்பிக்கும் பிள்ளைகள். அவர்களிலும் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள். தங்கள் மனதுக்குரிய சொற்களை அவர்கள் ஆங்கிலத்தில்தான் கற்பார்கள். தமிழ், பரிசு வாங்குவதற்கும் பாட்டியிடம் சாப்பாடு கேட்பதற்கும் மட்டுமான மொழியாகிவிடும். "பிள்ளைகள் தமிழை விட்டுட்டுப் போகுதே" என்று ஆண்டு விழாதோறும் அழுகிறோம். ஒரு பிள்ளை தன் உண்மையைச் சொல்ல இடம் தராத மொழியில் எத்தனை நாள்தான் நிற்கும்?

"தனியா மேடை போட்டுக்கலாமே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதுவும் வேண்டும். ஆனால் தனி மேடைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள். சங்கத்து மண்டபத்தில்தான் மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவர் மகன் இருப்பான்.

சங்கங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. கவியரங்கில் ஆறு பேர் என்றால் ஏழாவதாக ஒரு நாற்காலி. கவிதையின் தரத்தைப் பாருங்கள், விகுதியைத் திருத்தாதீர்கள். சொந்தப் பெயரில் வர முடியாதவர்களைப் புனைபெயரில் வர விடுங்கள். புனைபெயருக்குத் தமிழில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. லண்டன் மேடைகள் சிலவற்றில் தொடங்கும் முன்பே 'படம் எடுக்காதீர்கள்' என்று சொல்லிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று நமக்கும் தெரியும். அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வரி நன்றாக இல்லையென்றால் கைதட்ட வேண்டாம். நன்றாக இருந்தால், மற்றவர்களிடம் கேட்பது போலவே "மறுபடி" என்று கேளுங்கள்.

அடுத்த தைக்கும் அந்தச் சங்கம் கவிதை கேட்டு அறிவிப்பு விடும். அதே கவிதையை, அதே 'வந்தான்' உடன், திரும்ப அனுப்பப் போகிறேன்.