மழலைக்கு மறுமொழி

சென்னையின் ஜன நெருக்கத்தைத் தணிக்கும் உத்தேசத்துடன் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வகுக்கப்பட்டு, தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளின் திருநாமத்தைத் தாங்கி நிற்கும் மறைமலை நகரிலும், அதற்கு மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நீளும் தொழிற்பேட்டைகளிலும், குடும்பங்களின் பொழுதை நிர்ணயிப்பது கம்பெனி பஸ்தான். (அடிகளின் ஊரைப்பற்றி இத்தனை வடசொல் விரவ எழுதுவதை அவர் மன்னிப்பாராக.) தகப்பன் இரவு ஷிப்டு முடிந்து வந்து கண்ணயரும் வேளையில் தாய் காலை ஷிப்டுக்குப் புறப்பட்டாக வேண்டும், பாட்டியோ திருவண்ணாமலைப் பக்கத்திலோ ஒடிசாவிலோ இருக்கிறாள், ஆகவே ஒற்றையறை வாடகை வீட்டில் வளரும் குழந்தைக்கு அன்புக்குக் குறைவில்லை, ஏன், விளையாட்டுச் சாமானுக்குக்கூடக் குறைவில்லை, விழித்திருந்து அதனோடு பேச ஒரு பெரியவர்தாம் கிடைப்பதில்லை.

இது சிறு குறையன்று. இரண்டு வயது நிறைவதற்குள் மனித மூளை தன் முழுப் பருமனில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அந்த மூளையில் நரம்பிணைப்புகள் வலுப்பெறுவதற்குச் சத்துணவோடு, குழந்தை 'ங்கா' என்று எழுப்பும் ஒலிக்கு முகம் மலர்ந்து எவரேனும் மறுமொழி தருவதும் அவசியமாகிறது. கைப்பேசியில் ஓடும் பாட்டு குழந்தையிடம் ஓயாமல் பேசுகிறதே தவிர, அது சொல்வதைக் கேட்பதில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, பதின்மூன்றில் வருகை என்று பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்த பருவங்களை நோக்கினால், தலை நிமிர்ந்து ஆடுதலும், கை கொட்டுதலும், தளர்நடையும் இன்றைய குழந்தை மருத்துவர் கேட்டறியும் வரிசையிலேயே அமைந்திருப்பது புலனாகும். அதனினும் விசேஷம், 'ஆடுக', 'கொட்டுக', 'வருக' என ஒரு பெரியவர் குழந்தையை முன்னிறுத்தி அழைக்கும் அழைப்பாகவே அவை பாடப்படுவது.

அழைப்பின் பலன் அளந்தும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில், 1986-87ஆம் ஆண்டுகளில், வளர்ச்சி குன்றிய சிசுக்களின் வீடுகளுக்குச் சாமானிய சுகாதாரப் பணிப்பெண்கள் வாரந்தோறும் ஒரு மணி நேரம் சென்று, கையாற் செய்த பொம்மைகளைக்கொண்டு தாயும் சேயும் கூடி விளையாடும் முறையை இரண்டாண்டுகள் கற்பித்தனர். இருபதாண்டு கழித்து அக்குழந்தைகளின் சம்பாத்தியம், அவ்வுதவி பெறாத ஒத்த நிலையினரைவிட 25 சதவீதம் கூடியிருந்தது. நம் வீடுகளில் குளிப்பாட்டுகையில் காது, மூக்கு என்று தொட்டுச் சொல்வதும், காய் நறுக்குகையில் வெண்டைக்காயைக் கையில் கொடுத்துப் பெயர் கேட்பதும், அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வீடாக்குவதும் அத்தகைய பாடங்களே. இங்கே பிழைக்க வந்த பீகார்க் குடும்பம் குழந்தையோடு தன் பாஷையிலேயே பேசட்டும்; தாய்மொழி வேரூன்றிய குழந்தைக்குத் தமிழ் தெருவிலேயே வந்துவிடும்.

ஆயினும் பொறுப்பு முழுவதையும் களைத்த தாயின் தலையில் சுமத்துவது தர்மமன்று; அரசுக்கும் ஆலைக்கும் அதில் பங்குண்டு. குழந்தைக் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் தலைமையேற்ற ஆய்வுக்குழு 1972இல் பள்ளிக்கு முந்திய பருவத்தின் தேவைகளை எடுத்துரைத்தது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் உதயமாயிற்று. அத்திட்டத்தின்கீழ் இயங்குவதும், ஊரார் இன்றும் பால்வாடி என்றே வழங்குவதுமான அங்கன்வாடி, எடை பார்த்து, முட்டையும் சோறும் தந்து, பாட்டும் கதையும் சொல்லித் தருகிறது. ஆனால் மாலைக்குள் பூட்டப்படும் அதன் கதவு, பிற்பகல் ஷிப்டுக்குச் செல்பவளுக்குப் பயன்படுவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. 1976இல் அவ்வெண் முப்பதாகக் குறைந்தது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது ஊழியர் கொண்ட நிறுவனத்துக்கெல்லாம் காப்பகத்தை விதித்து, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரவும் இடமளித்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஓடும் லைனில் நிற்கும் ஒருத்தி நான்கு முறை தன் இடத்தை விட்டு நகர வேண்டுமானால், அந்த இடத்தில் நிற்க மாற்றாள் ஒருவரைச் சூப்பர்வைசர் ஒதுக்கித் தந்தாக வேண்டும்.