பல்லுக்குள் ஓடும் படகு!

கம்பி இல்லை, எஞ்சின் இல்லை, காந்தமே ஓட்டுகிறது!

புதுவை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா? பழுது பார்க்கக் கரையில் ஏற்றியிருக்கும் விசைப்படகின் பின்புறம் பாருங்கள். விசிறி போன்ற சுழலி ஒன்று இருக்கும். எஞ்சின் அதைச் சுழற்றும். படகு தண்ணீரைத் துளைத்துக்கொண்டு ஓடும்.

அதே போலச் சுழன்று, நம் பல்லுக்குள் ஓடும் குட்டி இயந்திரங்களைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் செய்திருக்கிறார்கள்!

பதுங்கும் கிருமிகள்

சொத்தைப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும் டாக்டர், அழுகிய பகுதியை எடுத்துவிட்டு மருந்து விட்டுக் கழுவுகிறார். ஆனால், பல்லின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். அவற்றின் ஆழத்தில் பதுங்கும் கிருமிகள் தப்பிவிடுவது உண்டு. பிறகு வலி திரும்பும். பல்லையே இழக்க நேரிடலாம்.

அந்தக் குழாய்களுக்குள் நுழையத்தான் இந்த இயந்திரம். உருவத்தில் திருகாணி. சிலிக்காவால் செய்து, மேலே இரும்பு பூசியது. அகலம், தலைமயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

காந்தத்தின் வேலை

இதற்குள் பாட்டரி வைக்க இடம் ஏது? அதனால் சக்தி வெளியிலிருந்து வருகிறது. வெளியே காந்தப்புலத்தைச் சுழற்றினால் திருகாணியும் சுழன்று முன்னேறும். மாற்றிச் சுழற்றினால் திரும்பி வரும்.

துடுப்பு ஏன் கூடாது? இவ்வளவு சிறிய பொருளுக்குத் தண்ணீரும் வெல்லப்பாகு போலத்தான். முன்னும் பின்னும் ஆட்டினால் இடம் பெயராது. பல கிருமிகளும் திருகுவாலைச் சுழற்றியே நீந்துகின்றன. கிருமியின் வித்தையே கிருமிக்கு எமன்!

இரண்டு மில்லிமீட்டர்

2009-ல் அம்பரீஷ் கோஷும் பீர் ஃபிஷரும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் இத்தகைய திருகாணிகளை ஓட்டிக் காட்டினர். பிறகு கோஷ் பெங்களூரில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவர் குழுவினர் பிடுங்கிய பற்களில் நடத்திய சோதனை 2022-ல் வெளியாயிற்று. ஒலி அலை முறை 0.8 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் எட்டும். திருகாணிகளோ 2 மில்லிமீட்டர் வரை சென்றன. காந்தப்புலத்தை மாற்றியதும் அவை சூடேறின; சுற்றியிருந்த கிருமிகள் மடிந்தன. எலிகளிடமும் சோதித்துப் பார்த்தார்கள், தீங்கு நேரவில்லை.

பிடுங்கிய பல் வேறு. வாயில் இருக்கும் பல் வேறு. மனிதர்களிடம் சோதித்து, பத்திரம் என்று உறுதியான பிறகே இது எல்லோருக்கும் வரவேண்டும். அதுவரை, பல் வலித்தால் கிராம்பை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். டாக்டரிடம் போங்கள்!